ஆடி மாதத்து ஒட்டு

மாமியாரின் நல்லெண்ணத்துக்கு விலை மணிக்கு மூன்று வெள்ளி. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, செண்டாயான் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே, சோலையப்ப செட்டியாரின் மளிகைக் கடையில் அதுதான் இன்டர்நெட் ரேட்; வெள்ளி என்பது அந்த ஊர் ரூபாய். அரை மணி போதுமென்றால் இரண்டு வெள்ளி. அரை மணியை இரண்டு தடவை வாங்குகிறவருக்கு ஒரு வெள்ளி நட்டம் என்பதைச் செட்டியார் யாருக்கும் எடுத்துச் சொன்னதில்லை. கேட்காதவரிடம் கணக்குப் பேசுவது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

கடையின் பின்பாதியில், அரிசி மூட்டைகளைத் தாண்டிப் போனால் நான்கு கம்ப்யூட்டர்கள் இருக்கும். இடமும் இயந்திரமும் டெலிபோன் லைனும் செட்டியாருடையவை, மூளை நீலாவதியுடையது. தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்து, சிரம்பானில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திரும்பி வந்த பெண். வருமானத்தில் ஆளுக்குப் பாதி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்கும், கோலாலம்பூரில் படிக்கும் மகளுக்கும் மின்கடிதம் அனுப்பத் தோட்டத்து ஆட்கள் பால் வெட்டு முடிந்த கையோடு வந்துவிடுவார்கள்.

இந்தக் கதையில் மூன்று வெள்ளிக் கணக்கு வைத்தவள் செட்டியாரின் சொந்த மகள் சீதாலெட்சுமி. வைகாசியில் அவளை ஈப்போ முருகப்பனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஆடி பிறந்ததும் வழக்கப்படி புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை அங்கே, பெண் இங்கே; நடுவில் ஒரு டெலிபோன் கம்பி. மகளென்று செட்டியார் ரேட்டைக் குறைக்கவில்லை. பணத்தை அவளிடம் கேட்கவுமில்லை. மாப்பிள்ளை பேரில் எழுதி வைத்தார்.

அவள் தினமும் எழுதிய கடிதங்களில் இரண்டு சரக்கு இருந்தது. ஒன்று நமக்குச் சம்பந்தமில்லாதது. இன்னொன்று மாமியார் தைலம்மை ஆச்சியின் சமையல். உங்கள் ஆத்தா வைக்கிற ரசத்தில் புளி ஈப்போவில் இருக்கிறது, மிளகு பினாங்கில் இருக்கிறது, இரண்டும் சந்தித்துக்கொண்டதே இல்லை என்று எழுதியிருந்தாள். முருகப்பன் அதைப் படித்து அலுவலகத்திலேயே சிரித்துவிட்டதாகப் பதில் போட்டான். கணவன் சிரித்துவிட்டால் புதுப்பெண் சும்மா இருப்பாளா. மறுநாள் கத்தரிக்காய்க்குப் போனாள்.

வில்லங்கம் முதலில் சன்னாசி வழியாக வந்தது. சன்னாசி தோட்டத்து மண்டோர். ஆட்களை மேய்க்கிற வேலையில் இருந்ததால் குரலைத் தாழ்த்தத் தெரியாதவர். அவர் தம் வாழ்நாளில் எழுதிய மின்கடிதம் ஒன்றே ஒன்று. மச்சான் மாயாண்டி இரவல் வாங்கிப்போன புல் வெட்டும் மெஷினை உடனே கொண்டுவந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நேரில் வந்து கேட்கிற விதத்தில் கேட்பேன் என்று நீலாவதியிடம் சொல்லி எழுத வைத்தார். இரண்டு நாள் கழித்து யாரோ அனுப்பிய ஒரு படத்தைத் திறந்தார். நம் பெயரைத் தட்டினால் நம் பெயருக்கென்று ஒரு பூ விரியுமாம். சன்னாசிக்கு ஊமத்தம்பூ விரிந்தது. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

பூ விரிந்த அதே நொடியில், மாயாண்டிக்கு எழுதிய கடிதம் அவருடைய முகவரிப் பட்டியலில் நீலாவதி ஏற்றி வைத்திருந்த அத்தனை பேருக்கும் போய்விட்டது. மறுநாளிலிருந்து சன்னாசி வீட்டு வாசலுக்குச் சாமான்கள் வந்து சேர ஆரம்பித்தன. ஒருவர் குடையைக் கொண்டுவந்து சாத்தினார். ஒருவர் ஏணி. கோயில் செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பித்தளைக் குண்டானை இறக்கிவிட்டுப் போனார். அது தம்முடையது என்பதே சன்னாசிக்கு மறந்துபோயிருந்தது. எதையும் கொண்டுவராத ஒரே ஆள் மாயாண்டி. சன்னாசி கடைக்கு வந்து, இதே மாதிரி இன்னொரு தடவை அனுப்ப முடியுமா என்று நீலாவதியைக் கேட்டார்.

நீலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்தாள். பிரவுசர் என்பது வெளி உலகத்தைப் பார்க்கிற ஜன்னல். நாம் வெளியே பார்க்கலாம், வெளியில் இருப்பவன் உள்ளே கையை விட முடியாது, அதற்குத்தானே கம்பி. அவர்கள் கடையில் இருந்த பிரவுசரில் ஒரு கம்பி இளகியிருந்தது. அந்த வழியாக ஒரு பக்கம் நினைத்தால் கையை விட்டு, திறந்திருக்கும் அஞ்சல் பெட்டியின் சாவியை எடுத்து, நாம் அனுப்பி வைத்திருந்த கடிதங்களையெல்லாம் நம் பெயரிலேயே ஊருக்கு வாரி இறைக்கலாம். பிரவுசரைச் செய்தவர்களே இதை ஒப்புக்கொண்டு, ஓட்டையை அடைக்க ஓர் ஒட்டு வெளியிட்டிருந்தார்கள். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவது மாதிரிதான். டெலிபோன் கம்பி வழியாக இறக்கி, போட்டுவிட வேண்டியது. தோட்டத்து லைனுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும்.

செட்டியார் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஆடி முடியட்டும் என்றார். ஆடியில் எந்தப் புதுச் சாமானும் அவர் கடைக்குள் நுழைந்ததில்லை. விளக்குமாறு தேய்ந்துபோனால்கூட ஆவணி ஒன்றாம் தேதி வரைக்கும் அதன் காம்பால்தான் பெருக்குவார்கள்.

அதுவரைக்கும் யாரும் படம் எதையும் திறக்க வேண்டாம், சீதாலெட்சுமி தன் அஞ்சல் பெட்டிப் பக்கமே போக வேண்டாம் என்று நீலாவதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மறுநாள் வியாழக்கிழமை தைலம்மை ஆச்சி ஈப்போவிலிருந்து போன் பண்ணினார். மகன் கல்யாணத்தோடு வைத்துக் கொடுத்த அஞ்சல் பெட்டியிலிருந்து மருமகளுக்கு ஒரு பூப்படம் அனுப்பியிருப்பதாகவும், பெயரைத் தட்டினால் பூ வரும் என்றும் சொன்னார். தமக்குத் தாமரை வந்ததாம். உனக்கு என்ன பூ வந்தது என்று நாளைக்கு விளக்கேற்றின பிறகு கூப்பிட்டுக் கேட்பேன் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சீதாலெட்சுமி போனை வைத்த கை வைத்தபடி நின்றாள். அவளுடைய முகவரிப் பட்டியலில் தைலம்மை ஆச்சி முதலாவதாக இருந்தார். அவருக்குப் பின்னால் ஈப்போ சொந்தம் மொத்தமும் வரிசையாக இருந்தது. படத்தைத் திறந்தால் ரசம் அத்தனை பேர் வீட்டுக்கும் பார்சலாகிவிடும். திறக்காவிட்டால், மாமியார் ஆசையாக அனுப்பியதைப் பார்க்கக்கூட மனசில்லாத மருமகள். வாய்க்கு வந்த பூவைச் சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் தைலம்மை ஆச்சி அப்படி விடுகிற ஆளில்லை. தாமும் மருமகள் பெயரைத் தட்டிப் பார்த்து வைத்திருப்பார்.

நீலாவதி எளிய வழி ஒன்றைச் சொன்னாள்.

"அக்கா, அனுப்புன லெட்டரையெல்லாம் அழிச்சிடுங்க லா. பெட்டி காலியா இருந்தா போறதுக்கு ஒண்ணும் இல்ல."

"அழிக்கிறதா? கல்யாணம் ஆகி எழுதுன மொத மொத லெட்டரு நீலா. அவுக ஆத்தா கண்ணுல படக் கூடாதுன்னு படிச்சதும் அழிச்சிடுறாக, வேற காப்பி இல்ல."

"அப்ப பிரிண்ட் எடுத்து வச்சிட்டு அழிங்க."

சீதாலெட்சுமி கடையின் முன்பக்கத்தைக் கண்ணால் காட்டினாள். பிரிண்டர் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது. பக்கத்துக்கு ஐம்பது காசு என்பதால், வெளியே வருகிற ஒவ்வொரு தாளையும் செட்டியார் தம் கையாலேயே எடுத்து, நேரே பிடித்து, முழுப்பக்கமா அரைப்பக்கமா என்று பார்த்துத்தான் கொடுப்பார். இரண்டு சரக்கில் நமக்குச் சம்பந்தமில்லாத சரக்கு அவர் கண்ணில் படுவதைவிட ரசமே ஊருக்குப் போகலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் சமையலறையில் வைத்துத் தாயாரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஆவுடையம்மை ஆச்சி வெங்காயத்தை வைத்துவிட்டு, புளியும் மிளகும் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மகளையும் நீலாவதியையும் முன்னால் விட்டுக்கொண்டு கல்லாவுக்கு வந்தார்.

நீலாவதி நேரடியாக ஆரம்பித்தாள். போன வருஷம் ஆடியில் கூரை ஒழுகியபோது துத்தநாகத் தகடு மாற்றியது அங்கிளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டாள். செட்டியாருக்கு நன்றாக நினைவிருந்தது. தகடு பின்கட்டில் கிடந்த பழைய தகடு. ஆணியும் பழைய ஆணி. இது எங்கேயோ வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கு; அதை எப்படிப் பழசு என்பது?

"சரி, அதுக்கு என்ன விலை கேக்குறான்?"

"விலையே இல்ல அங்கிள். ஃப்ரீ."

அது தவறான பதில். செட்டியார் கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருஷ வியாபாரத்தில் ஒருவன் சும்மா கொடுத்து அவர் பார்த்ததில்லை. சும்மா கொடுக்கிறவன் எதை எடுத்துக்கொண்டு போகிறான் என்பதைத்தான் அவர் முதலில் தேடுவார். நீலாவதி பொறுமையாக விளக்கினாள். அவன் முதலில் கொடுத்த சரக்கிலேயே ஓட்டை இருந்தது. இப்போது கண்டுபிடித்து, அடைக்கத் துணி அனுப்புகிறான்.

"அவனா ஒத்துக்கிட்டானா?"

"அவனேதான். ஊரெல்லாம் பாக்குற மாதிரி எழுதியே போட்டிருக்கான்."

 சரக்கு பழுது என்று தானே எழுதி ஒட்டி வைக்கிற வியாபாரியைச் செட்டியார் மனசுக்குள் நிறுத்தி, சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் சீதாலெட்சுமி புகுந்தாள். அப்பாவை இருபத்து மூன்று வருஷமாகப் பார்த்தவள்.

"அப்பச்சி, ஆடி மாசத்துல வட்டி வந்தா வாங்குவீகளா, திருப்பி அனுப்புவீகளா?"

"வரவேண்டியது வந்தா எந்த மாசமா இருந்தா என்ன? அது என்ன கேள்வி?"

"இதுவும் வரவேண்டியதுதானே. பழுதுச் சரக்கைக் கொடுத்தான், பாக்கி வச்சிருக்கான். இப்பத் தீக்குறேங்கிறான். நீங்கதான் வேணாம்கிறீக."

செட்டியார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். புதுச் சரக்கு வேறு, நிலுவை வசூல் வேறு. ஆடியில் வசூலை விட்டவன் என்று தேவகோட்டையிலிருந்து ஈப்போ வரைக்கும் எந்தச் செட்டியாரையும் யாரும் சொல்லிவிட முடியாது. இறக்கிக்கொள் என்றார். உடனே சுவர்க் காலண்டரைப் பார்த்து, அதற்கு முன்னால் ஒரு விஷயம் என்றார். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ராகுகாலம். மத்தியானம் கடையில் தோட்டத்துக் கூட்டம், லைனைக் கொடுக்க முடியாது. மூன்றிலிருந்து நாலரை எமகண்டம். ஆகவே நாலரைக்கு மேல்.

நாலரை அடித்ததும் நீலாவதி மோடத்தை முடுக்கினாள். அது வழக்கம்போலக் கீச்சிட்டு, கரகரத்து, இணைந்தது. திரையில் ஒரு நீலப் பட்டை அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. சீதாலெட்சுமி முக்காலி போட்டு அதன் எதிரில் உட்கார்ந்துகொண்டாள். ஐந்தேகாலுக்குத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம், கோயில் கூழுக்குக் கேழ்வரகு மாவு இருக்கிறதா என்று கேட்கக் கடைக்குப் போன் பண்ணினார். மணி ஒரே ஒரு தடவை அடித்தது. குறுக்கே இன்னொரு அழைப்பு வந்தால் அந்த லைன் தாங்காது; அறுந்தது. நீலப் பட்டை மறைந்துபோனது. பாதி இறங்கியதைச் சேர்த்து வைக்கிற வழக்கம் அந்தக் காலத்து ஒட்டுக்கு இல்லை.

மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். நீலாவதி கணக்குப் போட்டுப் பார்த்தாள். இனி ஏழுக்கு மேல்தான் முடியும். தைலம்மை ஆச்சி ஆறே முக்காலுக்கு விளக்கேற்றுகிறவர், அப்புறம் போன். அவர் மணி அடித்தால் மூன்றாவது தடவையும் முதலிலிருந்து.

"சம்பந்தி நம்மளைக் கூப்பிடாம இருக்கணும், அவ்வளவுதானே?" என்றார் ஆவுடையம்மை ஆச்சி. "நான் அவுகளைக் கூப்பிடுறேன்."

கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் காசு போட்டுப் பேசுகிற டெலிபோன் ஒன்று இருந்தது. ஆச்சி கல்லாவுக்கு வந்து முந்தானையை விரித்துப் பிடித்தார். ஈப்போவுக்குப் பேசினால் அந்தப் பெட்டி காசை எப்படி விழுங்கும் என்று செட்டியாருக்குத் தெரியும். எவ்வளவு நேரம் பேசப்போகிறாய் என்று கேட்டார். பட்டை ரொம்புகிற வரைக்கும் என்றார் ஆச்சி. ஒரு பாக்கி வசூலுக்கு இவ்வளவு செலவு எந்தக் கணக்கில் சேரும் என்று செட்டியார் முனகிக்கொண்டே இருபது காசு நாணயங்களை அள்ளி அள்ளிப் போட்டார். வசூலில் பாதி வழியில் திரும்புகிற பழக்கமும் அவருக்கு இல்லை.

ஆவுடையம்மை ஆச்சி கூப்பிட்டபோது தைலம்மை ஆச்சி அப்போதுதான் விளக்கேற்றிவிட்டு எழுந்திருந்தாராம். நலம் விசாரித்தாயிற்று. மழை, மூட்டுவலி, பூண்டு விலை எல்லாம் ஆயிற்று. கடை வாசலிலிருந்து செட்டியார் கையைக் காட்டினார்: இன்னும் கொஞ்சம் பாக்கி. அப்போது ஆவுடையம்மை ஆச்சிக்கு ஒன்று தோன்றியது. நீங்கள் வைக்கிற ரசத்தை மகள் வாய் ஓயாமல் பேசுகிறாள், அந்தப் பக்குவத்தை எனக்கும் கொஞ்சம் சொல்லக் கூடாதா என்று கேட்டார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அதற்குப் பிறகு ஆச்சி பேச வேண்டியிருக்கவில்லை. காசு போட்டால் போதுமாக இருந்தது. தைலம்மை ஆச்சி புளியை ஊற வைப்பதிலேயே பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். மிளகுக்கு வந்தபோது பஸ் நிறுத்தத்தில் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களில் சன்னாசியும் ஒருவர். யாரும்மா அது, வக்கீலா என்று கேட்டார். ஆச்சி வாய்மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டு இன்னொரு காசைப் போட்டார். சன்னாசி தம் சட்டைப் பையைத் துழாவி, இருந்த மூன்று இருபது காசு நாணயங்களையும் அவர் கையில் வைத்தார்.

கொத்தமல்லியைக் கிள்ளுவதா நறுக்குவதா என்ற இடத்தில் செட்டியார் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். பட்டை ரொம்பிவிட்டது.

நீலாவதி ஒட்டைப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பி, திரும்ப இணைத்தாள். சீதாலெட்சுமி அஞ்சல் பெட்டியைத் திறந்து, மாமியாரின் படத்தின்மேல் சொடுக்கினாள். பெயரைத் தட்டினாள். திரையில் ஒரு மொட்டு தலைகாட்டி, மெதுவாக விரிந்தது. செம்பருத்தி. நீலாவதி பூவைப் பார்க்கவில்லை. அனுப்பிய கடிதங்களின் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நகலெடுத்து ஒன்றும் கிளம்பவில்லை. பட்டியலில் யாருக்கும் எதுவும் போகவில்லை.

"அசையல அக்கா. ஒண்ணுகூட வெளிய போகல."

சீதாலெட்சுமி மூச்சு விட்டாள். அப்போதுதான், பூப்படத்துக்குக் கீழே மாமியார் பெயரில் வரிசையாக இன்னும் ஏழு கடிதங்கள் வந்து கிடப்பதைக் கண்டாள். திறந்தாள். அன்புள்ள தங்கச்சிக்கு என்று ஆரம்பித்தது. அடுத்ததும் அப்படியே. ஏழும் தைலம்மை ஆச்சி பினாங்கில் இருக்கும் தம் தங்கைக்கு எழுதியவை.

நீலாவதிக்கு உடனே விளங்கிவிட்டது. தாமரை விரிந்தபோது ஈப்போவின் ஜன்னலில் கம்பி இல்லை. நல்ல காலம், தைலம்மை ஆச்சியின் முகவரிப் பட்டியலில் மூன்றே பேர்: தங்கை, மகன், மருமகள். நான் முன்னால போயி அங்கிளுக்கு உதவி பண்ணுறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். முன்னால் உதவி பண்ண ஒன்றும் இல்லை.

சீதாலெட்சுமி படித்தாள். மூன்று கடிதங்களில் மூட்டுவலியைத் தவிர வேறெதுவும் இல்லை. நாலாவதில் அவள் வந்தாள்: மருமகள் போடுகிற காப்பியைக் குடித்தால் காப்பி குடித்தோமா, டம்ளர் கழுவினோமா என்று தெரியவில்லையாம். ஐந்தாவதில், எட்டு மணிக்கு முன்னால் அந்தப் பிள்ளையின் கதவு திறப்பதில்லையாம். ஆறாவதில், அவள் சிரித்தால் கேட் வரைக்கும் கேட்கிறதாம். அக்கம்பக்கம் என்ன நினைக்கும். சீதாலெட்சுமிக்குக் காது சூடாகியது. ஏழாவதைத் திறந்தாள். அது ஆடி பிறந்த பிறகு எழுதியது. 'அவள் போன பிற்பாடு வீட்டில் சத்தமே இல்லை. இவன் வருகிறான், சாப்பிடுகிறான், கம்ப்யூட்டரைப் பார்த்துத் தானாகச் சிரிக்கிறான். நான் காலண்டரைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆடியை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை.'

டெலிபோன் மணி அடித்தது, இணைப்பு அறுந்தது. இந்தத் தடவை யாரும் கவலைப்படவில்லை.

"என்ன பூடி வந்துச்சு?" என்றார் தைலம்மை ஆச்சி.

"செம்பருத்தி, அயித்தை."

"ம். அதான் எனக்கும் வந்துச்சு உன் பேரைத் தட்டுனப்ப." பரீட்சையில் பாஸ் போட்ட குரல். "உங்க ஆத்தா ரசம் கேட்டாக. நீ ரொம்பப் பேசுறியாமே."

"பேசுறேன் அயித்தை."

ஒட்டைப் பற்றிச் சொன்னாள். உங்கள் மகனிடம் சொல்லி நாளைக்கே ஓர் ஒட்டுப் போடச் சொல்லுங்கள், அதுவரைக்கும் அந்தப் பூவை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம், அந்த ஜன்னலில் ஓர் ஓட்டை இருக்கிறது என்றாள். 

"ஓட்டையா? அதுல என்னத்தா போகும்?"

சீதாலெட்சுமி இணைப்பு அறுந்த திரையைப் பார்த்தாள்.

"நல்லதாத்தான் போயிருக்கு அயித்தை. மிச்சம் போறதுக்கு முன்னாடி அடைச்சிருவோம்."

என்ன புரிந்ததோ, தைலம்மை ஆச்சி பேச்சை மாற்றினார். ராத்திரிக்கு என்ன சமையல் என்று கேட்டுவிட்டு வைத்தார்.

வாசலில் சன்னாசியின் குரல் கேட்டது. தம் அறுபது காசைக் கேட்க வந்திருந்தார். அது நன்கொடையா கடனா என்று செட்டியார் விசாரித்துக்கொண்டிருந்தார். சீதாலெட்சுமி முக்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அப்பச்சி வீட்டு வளர்ப்பு. மனசுக்குள் கோடு கிழித்து இரண்டு பத்தி போட்டாள். குறை: அயித்தை எழுதியது மூன்று, தான் எழுதியது ஒன்பது. நிறை: அயித்தை எழுதியது ஒன்று, தான் எழுதியது இல்லை. கழித்து நேர் செய்ததில், தன் பக்கம் குறை ஆறு கூடுதல், அயித்தைக்குத் தீர்க்க வேண்டிய நிறை ஒன்று பாக்கி.